கொல்கத்தாவில் நாலு நாள்: ஊர், சாப்பாடு, இரவு, மேட்ச் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகிக் கொல்கத்தாவில் சில வருஷம் குப்பை கொட்டியவன் நான். சொந்தக்காரர், ஆபீஸ் நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் அந்த ஊருக்குக் கிளம்பினாலும் போன் எனக்குத்தான் வரும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. மே மாதத்தில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து பிழிந்தெடுக்கும். சென்னைக்காரர்களுக்கு அது பழக்கம்தான், ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அதே புழுக்கத்தில் நிற்க வேண்டுமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பழைய தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

குளிர்காலத்தில் ஒரே சங்கடம், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அவ்வளவு கிழக்கே இருக்கும் ஊருக்கும் நமக்கும் ஒரே கடிகாரம்தானே. காலை ஆறேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும். சாவகாசமாகக் குளித்து, ஓட்டல் இட்லியைச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படியிறங்குகிறவர்களுக்குப் பாதி நாள் போச்சு.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

மேட்ச்சிலிருந்து. எல்லோரும் விமான டிக்கெட் போட்டு, ஓட்டல் போட்டு, கடைசியில் 'அங்கே ஏதாவது மேட்ச் இருக்கா பாரு' என்பார்கள். தலைகீழ். அருங்காட்சியகம் ஓடிப்போகாது, பிரியாணி நாளைக்கும் கிடைக்கும். ஊரின் இரண்டு பெரிய கால்பந்து அணிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாள் ('டெர்பி' என்பார்கள்) மட்டும் வருஷத்தில் சிலதுதான். அந்தத் தேதியைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். இந்த ஊரில் மேட்ச்சும் சாப்பாடும் வேறு வேறு விஷயமில்லை என்பது கீழே தெரியும்.

அப்புறம் கிழமை. திங்கட்கிழமை விக்டோரியா மெமோரியல், இந்திய அருங்காட்சியகம், தாகூர் வீடு எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் தடவை நான் ஞாயிறு இரவு போய் இறங்கி, திங்கள் காலை மூன்று பூட்டுகளைத் தரிசித்தேன். வியாழன் போய்த் திங்கள் காலை திரும்புவது உத்தமம்.

அந்த டெர்பிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

மோகன் பகான் 1889-ல் தொடங்கிய கிளப். 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2–1 என்று வீழ்த்தியது. பகான் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்காலோடு தோற்கடித்த கதை இன்றைக்கும் அந்த ஊரில் தாத்தா பேரனுக்குச் சொல்கிற கதை. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களின் அணி அது. அவர்களை 'பாங்கால்' என்பார்கள், மேற்கு வங்கத்துக்காரர்களை 'கோட்டி' என்பார்கள். பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்கு இந்த ஊரில் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்தது ஒரு கால்பந்து அணி. அதனால்தான் இந்த வெறி.

ஈஸ்ட் பெங்காலின் பழைய பெருமையில் தெற்கத்திக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1949 முதல் 1953 வரை கலக்கிய அதன் ஐந்து முன்கள ஆட்டக்காரர்களை 'பஞ்ச பாண்டவர்' என்றார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, ஐவருமே தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள்.

1997 ஜூலை 13-ம் தேதி ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது சால்ட் லேக் மைதானத்தில் சுமார் 1,31,000 பேர். மேட்ச்சுக்கு முன்னால் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணியைச் சும்மா விடவில்லை. பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார், ஓமோலோவை 'ஆம்லெட்' என்றார். பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4–1.

இப்போது மீனுக்கு வருவோம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அந்த வீடுகளில் இலிஷ் மீன், பகான் ஜெயித்தால் இறால். ஜெயித்த மீனின் விலை மறுநாள் சந்தையில் ஏறும் என்பது ஊர்ப் பேச்சு. நீங்கள் மேட்ச் பார்த்த அன்று இரவு என்ன சாப்பிடுவது என்ற கேள்வியே வராது, மைதானத்தில் பதினொருவர் முடிவு செய்துவிடுவார்கள்.

மைதானத்துக்கு எப்படிப் போவது? பாதுகாப்பானதா?

சால்ட் லேக் மைதானத்தின் இப்போதைய பெயர் விவேகானந்த யுவ பாரதி கிரிராங்கன். 2017 ஜூனியர் உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தார்கள், பக்கெட் இருக்கைகள் வந்து கொள்ளளவு குறைந்தது. வாசலிலேயே 'சால்ட் லேக் ஸ்டேடியம்' என்று மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஹவுராவிலிருந்து ஆற்றுக்கு அடியில் வரும் பச்சை வழி 2025 ஆகஸ்டில் முழுதாக இணைந்ததால் வண்டி மாறாமல் போகலாம்.

இரண்டு அணி ரசிகர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி பகுதி. டிக்கெட் எடுக்கும்போதே எந்தப் பக்கம் என்று பார்த்து எடுங்கள். பச்சையும் அரக்கும் பகான், சிவப்பும் தங்கமும் ஈஸ்ட் பெங்கால். இரண்டும் கலக்காத சட்டை போட்டுக்கொள்வது நல்லது. என் நண்பர் ஒருவர் தெரியாத்தனமாக அரக்குச் சட்டையோடு ஈஸ்ட் பெங்கால் பக்கம் உட்கார்ந்து, தொண்ணூறு நிமிடமும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டிருந்தார். கேலி உண்டு, பெரிய வம்பு நான் பார்த்ததில்லை. ஆனாலும் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த டெர்பியில் நெரிசலும் கலவரமுமாகி 16 ரசிகர்கள் இறந்தார்கள். அதை அந்த ஊர் மறக்கவில்லை. சின்னப் பிள்ளைகளோடு போனால் கடைசி விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள்.

டெர்பி கிடைக்கவில்லை, கிரிக்கெட் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஈடன் கார்டன்ஸ் 1864-ல் உண்டான மைதானம். லக்ஷ்மண் 281 அடித்ததும் (2001), ரோஹித் சர்மா ஒருநாள் போட்டியில் 264 அடித்ததும் (2014) இங்கேதான். ஐபிஎல் என்றால் ஏப்ரல், மே வெக்கையைச் சகித்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட் என்றால் நாலாம் நாள், ஐந்தாம் நாள் டிக்கெட்டை நம்பி வராதீர்கள். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்துபோனது, அதுவும் நாம் தோற்று. பையை ஓட்டலிலேயே வைத்துவிட்டு எஸ்பிளனேடு மெட்ரோவில் இறங்கி நடங்கள்.

எதுவுமே இல்லாத வாரமென்றால்? மைதான் என்ற அந்தப் பெரிய புல்வெளிக்குக் காலையில் போங்கள். ஒரே நேரத்தில் இருபது கிரிக்கெட் நடக்கும், ஓரத்தில் ஆடு மேயும். டிக்கெட் இல்லை.

எங்கே தங்குவது?

பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு சுற்றுவட்டாரம் முதல் தடவை போகிறவர்களுக்கு வசதி. இரவு எவ்வளவு நேரமானாலும் நடந்தே அறைக்கு வந்துவிடலாம். வயதானவர்கள் கூட வந்தால் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் பாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வட்டாரம். கறிவேப்பிலையும் பூச்சரமும் சாம்பாரும் கிடைக்கும். அம்மாவை அழைத்துப் போனபோது மூன்றாம் நாள் ரசம் சாதம் கிடைத்ததில் அவருக்கு முகமே மாறிவிட்டது.

ரயிலா, விமானமா?

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சுமார் 27 மணி நேரம். கோதாவரிப் பாலம், சில்கா ஏரி என்று ஜன்னலோரம் பிடிக்கும் என்றால் ரயில்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். டிக்கெட்டில் ஹவுரா என்றிருக்கிறதா, ஷாலிமார் என்றிருக்கிறதா? கோரமண்டல் இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடும், அங்கிருந்து ஊருக்குள் வர டாக்சி பிடிக்க வேண்டும். ஹவுரா என்றால் காலடியிலேயே மெட்ரோ. முதல் முறை ஹவுராவில் இறங்குகிறவர்கள் படகுத்துறைக்குப் போய்ப் படகில் அக்கரை போகலாம். தலைக்கு மேல் 1943-ல் திறந்த அந்தப் பாலம், பக்கத்தில் மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்து சாமந்தி மூட்டைகள். சில ரூபாய்க்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது.

சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது?

காலையில் கொச்சுரி. உளுந்தோ பட்டாணியோ பூரணமாக வைத்த பூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, முடித்த கையோடு சூடான ஜிலேபி. வடக்குக் கொல்கத்தாவில் எந்த மிட்டாய்க் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். எட்டு மணிக்குள் போனால் நல்லது.

மதியம் ஒருநாளாவது பைஸ் ஓட்டல். அந்தக் காலத்தில் பைசாக் கணக்கில் சோறு போட்டதால் வந்த பெயர். காலேஜ் ஸ்ட்ரீட் அருகே பவானி தத்தா சந்தில் உள்ள ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஓட்டல் அந்த வகையில் பழையது. பளிங்கு மேசை, வாழையிலை, மண் குவளையில் தண்ணீர். பரிமாறுகிறவர் இன்றைக்கு என்னென்ன மீன் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். நாம் விழிப்போம். பயப்படாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. சோறு தனி, பருப்பு தனி, மீன் தனி, பல இடங்களில் இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனி. இலைக்குக் காசா என்று நம் ஆட்கள் அதிர்ந்துபோவார்கள்.

சாப்பிடும் வரிசையும் நம்முடையதில்லை. கசப்பில் தொடங்குவார்கள். பாகற்காய் போட்ட சுக்தோ முதலில், பிறகு பருப்பு, பிறகு பொரியல் வகை, பிறகு மீன், கடைசியில் இனிப்புச் சட்னியும் அப்பளமும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இலையில் கொட்டிப் பிசைந்தால் பக்கத்து மேசைக்காரர் வருத்தத்தோடு பார்ப்பார். இலிஷ் மீனில் முள் அதிகம், மயிரிழை மாதிரி. பேச்சை நிறுத்திவிட்டு விரலால் சாப்பிடுங்கள். குழந்தைகளுக்கு வாழையிலையில் கட்டி வேகவைத்த பேட்கி மீன், முள் தொல்லை கிடையாது.

சாயங்காலம் புச்கா. பானிபூரியேதான் என்று அங்கே சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள். புளித்தண்ணீரும் காரமான உருளைக்கிழங்குமாக அது வேறு ரகம், எனக்கும் அவர்கள் கட்சிதான். பரோட்டாவில் கறியைச் சுருட்டித் தரும் காட்டி ரோல் சாப்பிட நியூ மார்க்கெட் பக்கம் நிஜாம்ஸ், அது தொடங்கிய கடையே அதுதான் என்பார்கள். ஞாயிறு விடியற்காலை டிரெட்டா பஜாரில் சீனக் காலை உணவு. ஊரில் மிச்சமிருக்கும் சீனக் குடும்பங்கள் தெருவோரம் விற்கும் ஆவி பறக்கும் மோமோவும் மீன் உருண்டை சூப்பும். ஏழரைக்கு மேல் போனால் பாத்திரம் கழுவுவதைப் பார்க்கலாம்.

பிரியாணியில் உருளைக்கிழங்கு ஏன்?

அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் நாட்டை 1856-ல் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொள்ள, அவர் இந்த ஊரின் மேட்டியாபுருஸில் வந்து தங்கினார். சமையல்காரர்களும் கூடவே வந்தார்கள். கையில் காசு குறைந்ததால் கறியைக் குறைத்து உருளைக்கிழங்கைப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அன்றைக்கு உருளைக்கிழங்கு அப்படியொன்றும் மலிவில்லை, ருசிக்காகத்தான் போட்டோம் என்று நவாபின் வம்சத்தார் மறுக்கிறார்கள். ஆம்பூரோ திண்டுக்கல்லோ எதிர்பார்த்துப் போனால் 'காரமே இல்லையே' என்பீர்கள். கறியின் ருசி முழுக்க அந்தக் கிழங்குக்குள்தான் இருக்கிறது, அதை ஓரமாக ஒதுக்கி வைக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

தாராளமாகப் போகலாம். வாழைப்பூவை 'மோச்சா' என்றும் வாழைத்தண்டை 'தோர்' என்றும் சொல்லி நம்மைவிட அருமையாகச் சமைப்பார்கள். உருளைக்கிழங்கைக் கசகசாவில் புரட்டிய ஆலு போஸ்தோ, லூச்சி என்ற மைதா பூரியும் கடலைப்பருப்பும், பருப்பு வில்லைகளைக் குழம்பில் போட்ட தோகார் தால்னா, எல்லாம் நிறைவான சாப்பாடு. கடுகெண்ணெய் வாசனை முதல் நாள் ஒட்டாது, மூன்றாம் நாள் தேடும். சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுதான். சில கடைகளில் பருப்பிலேயே மீன் தலை போடுவார்கள். 'நிராமிஷ்' (சைவம்) என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அருங்காட்சியகம், கோயில் எல்லாம் பார்க்க நேரம் போதுமா?

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். விக்டோரியா மெமோரியலை வெளியே தோட்டத்திலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி, அடிக்க வராதீர்கள். இந்திய அருங்காட்சியகம் 1814-ல் தொடங்கியது. பார்ஹுத் ஸ்தூபியின் சிவப்புக் கல் வேலைப்பாடு ஒன்றுக்காகவே உள்ளே போகலாம். தட்சிணேஸ்வரம் காளி கோயிலும் ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் பேலூர் மடமும் ஒரு காலைப்பொழுது.

நான் யாரையும் விடாமல் அனுப்புகிற இடம் குமார்டுலி. சாமி சிலை செய்யும் தெரு. வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு, மேலே களிமண், காய்ந்த பிறகு வண்ணம், கடைசியாகக் கண். பத்துக் கை இருக்கும், முகம் இருக்காது. சந்தின் இரண்டு பக்கமும் அப்படிப் பாதி முடிந்த தெய்வங்கள் நம்மைப் பார்க்காமல் நின்றுகொண்டிருக்கும். வேலை நடக்கும் இடம், போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அங்கிருந்து ஜோராசாங்கோவில் தாகூர் வீடு, பிறகு காலேஜ் ஸ்ட்ரீட். காபி ஹவுஸில் தலைப்பாகை கட்டிய சர்வர், உயரமான கூரை, யாரும் எழுந்துபோகாத மேசைகள். கும்பகோணம் டிகிரி காபியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பால் இல்லாத காபியை 'இன்ஃபியூஷன்' என்பார்கள், குடிக்கலாம். அங்கே விற்கிற சரக்கு காபியில்லை, அரட்டை.

துர்கா பூஜை சமயத்தில் போகலாமா?

நம் நவராத்திரியின் கடைசி ஐந்து நாள், சஷ்டியிலிருந்து தசமி வரை. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் குடும்பம் குடும்பமாகப் பந்தல் பார்க்க நடப்பார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் வாழ்நாளில் ஒருமுறை போக வேண்டும். பிடிக்காது என்றால் அந்த வாரம் பக்கமே தலை வைக்காதீர்கள். ஓட்டல் விலை எகிறும், அலுவலகங்களெல்லாம் மூடிக்கிடக்கும், சில கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகும்.

இரவு வாழ்க்கை எப்படி?

பார்க் ஸ்ட்ரீட்டில் தொடங்குங்கள். ட்ரிங்காஸ் உணவகத்தில் 1969-ல் உஷா ஐயர் என்ற தமிழ்க் குடும்பத்துப் பெண் புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டு பாடினார். நைட் கிளப் பாடகி என்றால் கவுன் என்றிருந்த காலம். அவர்தான் பின்னாளில் உஷா உதுப். அங்கே இன்றும் மேடையில் பாட்டு உண்டு. பக்கத்தில் மொகாம்போ, பீட்டர் கேட் உணவகங்களின் வாசலில் வார இறுதியில் நீண்ட வரிசை நிற்கும். மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் தெரு முழுக்க விளக்கு.

குடிக்காதவர்களுக்கு இரவு இல்லையா என்றால், என் கணக்கில் அவர்களுக்குத்தான் நல்ல இரவு. 1952 முதல் ஜனவரியில் நடக்கும் டோவர் லேன் இசை மாநாட்டில் அந்தியில் தொடங்கும் கச்சேரி விடிய விடிய நடக்கும். நம் மார்கழி சீசனில் ஒன்பது மணிக்கு மங்களம் பாடிவிடுவார்கள். இங்கே நள்ளிரவுக்குத்தான் பெரிய வித்வான் மேடையேறுவார். சால்வையைப் போர்த்திக்கொண்டு சிலர் நாற்காலியிலேயே தூங்குவார்கள், சிதார் வேகமெடுக்கும்போது சரியாக விழித்துக்கொள்வார்கள். விடியற்காலை ராகத்தை விடியற்காலையிலேயே கேட்டுவிட்டு, வெளியே வந்து மண் குவளையில் டீ.

பத்து மணிக்கு மேல் மெட்ரோவை நம்ப வேண்டாம், செயலியில் டாக்சி பிடியுங்கள். பெண்கள் தனியாகப் போனால் பார்க் ஸ்ட்ரீட்டில் பிரச்சினை குறைவு. மைதான் பக்கம் இருட்டிய பிறகு நடக்க வேண்டாம், இது ஆண்களுக்கும்தான்.

மொழி தெரியாதே?

இந்தி, ஆங்கிலம் இரண்டும் செல்லும். கடைக்காரரை, டிரைவரை 'தாதா' என்று கூப்பிடுங்கள். அங்கே அது அண்ணன், நம் சினிமா தாதா இல்லை. பெண்களுக்கு 'திதி'. என் மாமா முதல் நாள் முழுக்கக் கூசிக்கூசி, கடைசியில் டாக்சிக்காரரை 'சார் தாதா' என்றார்.

டிராம் இன்னும் ஓடுகிறதா?

1873-ல் குதிரை இழுத்து ஆரம்பித்தது. இந்தியாவில் டிராம் மிச்சமிருப்பது இங்கே மட்டும்தான், அதுவும் வழிகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. எஸ்பிளனேடில் ஒன்று கண்ணில் பட்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள்.

சரி, நாலு நாளை எப்படிப் பிரிப்பது?

வியாழன் மதியம் போய் அருங்காட்சியகம், மாலை நியூ மார்க்கெட்டில் ரோல். வெள்ளி காலை குமார்டுலி, கொச்சுரி, தாகூர் வீடு, பைஸ் ஓட்டல், காலேஜ் ஸ்ட்ரீட். அன்று இரவு சீக்கிரம் தூங்குங்கள். சனி தட்சிணேஸ்வரமும் பேலூரும், மதியம் பிரியாணி, இரவு பார்க் ஸ்ட்ரீட். ஞாயிறு டிரெட்டா பஜார், ஒரு தூக்கம், மேட்ச், பிறகு ஜெயித்தவர்களின் மீன். மேட்ச் சனிக்கிழமை என்றால் சனியையும் ஞாயிறையும் மாற்றிக்கொள்ளுங்கள், சீனக் காலை உணவை மட்டும் ஞாயிற்றிலேயே வையுங்கள்.

ஊருக்கு என்ன இனிப்பு வாங்கி வரலாம்?

டின்னில் அடைத்த ரசகுல்லா பயணம் தாங்கும். மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் மண் சட்டியில் வருவதால் விமானத்தில் சங்கடம். குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது நொலென் குர் சந்தேஷ். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சிய வெல்லத்தில் செய்தது, புகை வாசனையோடு நம் கருப்பட்டியை நினைவூட்டும். வடக்கே நகூர் கடையில் உள்ளே உருகிய வெல்லம் வைத்தே தருவார்கள். அது ஒருநாள்தான் தாங்கும். நான் ஒரு தடவை ரயிலில் ஒரு கிலோ கொண்டுவந்து, மறுநாள் காலை விஜயவாடாவில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கெடவில்லை, ஆனால் சென்னை வரை தாங்குமா என்று சந்தேகமாக இருந்தது. எதிர் பெர்த் குடும்பத்தையும் கூப்பிட்டு ஓங்கோலுக்குள் முடித்துவிட்டோம். வீட்டுக்கு ரசகுல்லா டின்தான் போய்ச் சேர்ந்தது.